விதைமூட்டையின் நீல அட்டை

கோபிசெட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள கொடிவேரிப் பாசன வயல்களுக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள் என்ற செய்தி பரவியதும், வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வந்து, விதைமூட்டையைத் தோளில் ஏற்றுவதற்கு முன்னால் குடியானவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “ஏனுங்க, இது நல்லா மொளைக்குமுங்களா?” நாற்றங்காலில் விதை பொய்த்தால் பணம் மட்டுமா போகும்? தண்ணீரும் பருவமும் சேர்ந்தல்லவா போய்விடும்! மானியம் வழங்குவதையே விவசாய இலாகாவின் வேலை என்று நினைப்போர் பலர். அந்தக் கேள்விக்குச் சத்தியமாகப் பதில் சொல்வதே அதன் பிரதான தர்மம் என்பது என் அபிப்பிராயம்.

மூட்டையின் வாயில் தைத்திருக்கும் நீல அட்டைதான் அந்தப் பதில். அது சான்று பெற்ற விதைக்கு உரியது. அதற்குத் தாய், வெள்ளை அட்டை கட்டிய ஆதார விதை. அதற்கும் மூலம், ரகத்தை உருவாக்கிய விஞ்ஞானிகளின் மேற்பார்வையில் விளைந்து மஞ்சள் அட்டையோடு வரும் வல்லுநர் விதை. கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட விதைச்சான்றுத் துறையின் அலுவலர், பயிர் பூக்கும் தருணத்தில் சேற்றில் இறங்கி, பக்கத்து வயலின் வேறு ரகத்துக்கும் இதற்கும் நடுவே 3 மீட்டர் இடைவெளி உண்டா, உயரத்திலோ கதிரிலோ மாறுபட்டு நிற்கும் கலவன்களைப் பிடுங்கிவிட்டார்களா என்று பார்ப்பார். பிறகு ஆய்வுக்கூடத்தில், நூற்றுக்கு எண்பது மணியாவது முளைக்காத நெல்லுக்கு நீல அட்டை கிடையாது.

இந்தச் சிரத்தைக்குக் கோவையில் நீண்ட பாரம்பரியம் உண்டு. சைதாப்பேட்டையில் தொடங்கிய விவசாயக் கல்வி 1906-இல் இவ்வூருக்கு வந்தது. 1912-இல் நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பார்னல் என்ற அதிகாரி, கோணாமணி நெல்லின் நடுவே இயற்கையாகவே மாறுபட்டு நின்ற செடியைக் கண்டெடுத்துப் பேணியதால் 1921-இல் கிடைத்த சன்ன ரகம் ஜி.இ.பி. 24. அந்த மூன்று எழுத்துகளும் சர்க்கார் பொருளாதாரத் தாவரவியல் அதிகாரி என்ற பதவிப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள். கண்டெடுத்தவருடைய பெயர் அதில் இல்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. அதன் வாரிசான டி.கே.எம். 6 வழியாக, பிற்காலத்தில் நம் வயல்களையெல்லாம் நிறைத்த ஐ.ஆர். 20 நெல்லிலும் அந்த ரத்தம் ஓடியது.

மூட்டையைப் பிரித்தபின் அட்டையைக் குப்பையில் எறிந்துவிடாமல், ரசீதோடு சேர்த்து அறுவடை வரைக்கும் வைத்திருக்கச் சொல்வார்கள். முளைப்பில் குறை கண்டால், அவ்விரண்டையும் கையில் கொண்டு குடியானவர் அதே வாசலில் போய் நிற்கலாம்.