ஸ்பிதியில் கை காட்டினால் வண்டி நிற்கும்

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் லிஃப்ட் கேட்டே ஊர் ஊராகப் போய்வர முடியும். லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சதுர கிலோமீட்டருக்கு இரண்டு பேர்தான். மலைமேல் இருக்கும் கிராமங்களுக்குப் பேருந்து ஒரு நாளைக்கு ஒரு தடவை வந்தாலே பெரிய விஷயம். அதனால் பள்ளி ஆசிரியர், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய பாட்டி, மடத்துக்குத் திரும்பும் இளம் பிக்கு என உள்ளூர்க்காரர்களே சாலையோரம் நின்று கை காட்டுகிறார்கள். இன்றைக்கு ஏற்றிக்கொண்டு போகிறவர், நாளைக்கு வண்டி பழுதானால் அதே இடத்தில் நிற்பார். வெளியூர்ப் பயணி புதிதாக எதையும் கேட்கவில்லை. ஏற்கெனவே நடக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலுக்குள் நுழைகிறார், அவ்வளவுதான்.

மணாலியிலிருந்து போகிறவர்கள் 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை வழியாகவோ, ரோத்தங் கணவாய் வழியாகவோ சந்திரா ஆற்றங்கரைக்கு வந்து, கிராம்ஃபூவில் ஸ்பிதி சாலையைப் பிடிக்க வேண்டும். இங்கே விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவது முக்கியம். வெயில் ஏற ஏற மேலே பனி உருகும். சாலைக்குக் குறுக்கே ஓடும் ஓடைகளில் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் பெருகிவிடும். அது தெரிந்த ஓட்டுநர்கள் காலையிலேயே அந்த இடங்களைத் தாண்டிவிடுவார்கள். பத்து மணிக்கு எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு போனால் சாலை வெறிச்சோடிக் கிடக்கும்.

வழியில் படலில் ஒரு வயதான தம்பதி நடத்தும் சிறிய தாபா உண்டு. எல்லோருக்கும் அவர்கள் சாச்சா, சாச்சி. நம் பேச்சில் சித்தப்பா, சித்தி. திடீர்ப் பனியில் சிக்கியவர்களைத் தங்கவைத்துச் சோறு போட்டதற்காக ஊரறிந்தவர்கள். அதைத் தாண்டினால் சுமார் 4,550 மீட்டர் உயரத்தில் குன்சும் கணவாய். ஓட்டுநர் அவசரத்தில் இருந்தாலும் அங்கே இருக்கும் குன்சும் மாதா கோயிலை வண்டியோடு ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்குவார். ஏன் தாமதம் என்று அப்போது கேட்காதீர்கள்.

பள்ளத்தாக்குக்குள் வந்த பிறகு காஜாதான் மையம். கீ, கிப்பர், சிச்சம் பக்கம் வண்டி ஓரளவு கிடைக்கும். கிப்பருக்கும் சிச்சமுக்கும் நடுவே இருக்கும் ஆழமான பிளவின் மேல் 2017இல்தான் பாலம் வந்தது. அதுவரை கம்பியில் தொங்கும் தொட்டிலில் உட்கார்ந்து, கயிற்றை இழுத்துக் கடந்தார்கள். லாங்சா, ஹிக்கிம், கோமிக் பக்கம் வண்டி குறைவு. அங்கே போனால் இரவு தங்க நேரிடலாம் என்று நினைத்துக்கொண்டு கிளம்புங்கள். பட்டாணி அறுவடைக் காலத்தில் மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டிகள் நிறைய ஓடும். ஆனால் இடம் இருக்காது.

ஏறுவதற்கு முன்பே பணம் பற்றிப் பேசிவிடுவது நல்லது. சொந்தக் காரில் போகிறவர் பெரும்பாலும் வாங்க மாட்டார். ஷேர் ஜீப் என்றால் வாடகை உண்டு, அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். காஜா டாக்சிக்காரர்கள் வருஷத்துக்கான வருமானத்தைப் பெரும்பாலும் கோடை மாதங்களிலேயே பார்த்தாக வேண்டும். ஸ்பிதியை ஒரு பைசா செலவில்லாமல் சுற்றினேன் என்று பெருமை பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஏற்றி வந்தவர் பணம் வாங்காவிட்டால், அவர் ஊரிலேயே ஒரு வீட்டில் வாடகை கொடுத்துத் தங்குங்கள், அங்கேயே சாப்பிடுங்கள்.

வீட்டுக்குள் கூப்பிட்டால் நேராகச் சமையலறைக்குத்தான் அழைத்துப்போவார்கள். நடுவில் தகர அடுப்பு, சுற்றிலும் தாழ்வான மெத்தைகள், முன்னால் சின்ன மேசை. உப்பும் வெண்ணெயும் சேர்த்த தேநீர் வரும். ஒரு வாய் குடித்தால் உடனே கிண்ணத்தை நிரப்புவார்கள். இன்னொரு வாய், மறுபடி நிரம்பும். போதும் என்றால் நிறைந்த கிண்ணத்தை அப்படியே வைத்திருந்து, கிளம்பும்போது குடித்துவிடலாம். குளிக்க வெந்நீர் கேட்காமல் இருப்பது மரியாதை. மரமே அரிதான ஊர். சாணமும் விறகும் குளிர்காலத்துக்காகச் சேர்த்துவைத்தவை. கழிப்பறையில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மண்தான் தள்ள வேண்டும். அது பிறகு வயலுக்கு எருவாகப் போகிறது.

தனியாகப் போகும் பெண்கள் குடும்பத்தோடு வரும் வண்டியையோ அரசுப் பேருந்தையோ தேர்ந்தெடுக்கலாம். மனதுக்குச் சரிப்படாத வண்டியை யாராக இருந்தாலும் விட்டுவிடுங்கள். மணாலியிலிருந்து ஒரே நாளில் ஏறினால் தலைவலியும் வாந்தியும் வரக்கூடும். கின்னௌர் வழியாக நாக்கோ, தாபோ என்று தங்கித் தங்கி ஏறினால் உடம்பு பழகிக்கொள்ளும். குன்சும் பனியில் மூடிய பிறகு எப்படியும் அந்தப் பக்கம்தான் வழி.