நின்ற இடத்திலேயே இறங்கும் பேட்டரி

நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. டாஷ்போர்டு விளக்குகள் மங்குகின்றன. பக்கத்து வண்டியிலிருந்து ஜம்ப்பர் கேபிள் போட்டதும் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. “பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க” என்கிறார் மெக்கானிக். மாற்றுகிறோம். கொஞ்ச நாளில், புது பேட்டரியிலும் அதே டிக் டிக்.

குழாய் ஒழுகுகிறது என்பதற்காகத் தண்ணீர்த் தொட்டியை மாற்றுகிற வேலை இது. காரை நிறுத்திப் பூட்டிய பிறகும் எங்கோ ஒரு வழியாகக் கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வழி தெரியாமல் எத்தனை பேட்டரி வாங்கிப் போட்டாலும் காசுதான் கரையும். இதைக் கண்டுபிடிக்க அபூர்வமான கருவி எதுவும் வேண்டாம். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரும் பொறுமையும் போதும்.

பூட்டி நிறுத்திய காரும் கொஞ்சம் கரண்ட் எடுக்கத்தான் செய்யும். கடிகாரம், திருட்டு அலாரம், ரிமோட் சாவியின் சிக்னலுக்குக் காத்திருக்கும் ரிசீவர் எல்லாம் விழித்தே இருக்கின்றன. பெரும்பாலான கார்களில் இது மொத்தம் 50 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். சின்னக் காரில் இருக்கும் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். 30 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு முக்கால் ஆம்பியர் ஹவர்கூட ஆகாது. பாதி பேட்டரி காலியாக மூன்று வாரத்துக்கு மேல் பிடிக்கும். 2020 மார்ச் ஊரடங்கில் வாரக்கணக்கில் அசையாமல் நின்ற கார்கள் பல ஸ்டார்ட் ஆகாமல் போனதற்கு இந்தக் கணக்கே காரணம். வண்டியில் கோளாறே இல்லாமலும் அப்படி நடக்கும். ஆனால் டிக்கிக்குள் 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் எரிந்தால் கதை வேறு. அது சுமார் 0.4 ஆம்பியர் இழுக்கும். இரண்டே நாளில் பாதி பேட்டரி காலி.

முதலில் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். வண்டியை ஓட்டி நிறுத்தியதும் மீட்டர் வைத்தால் பொய்யான எண்தான் கிடைக்கும். சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். பிறகு என்ஜினை ஓடவிட்டு அளந்தால் 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை வர வேண்டும். வரவில்லை என்றால் ஒர்க்‌ஷாப்பில் டைனமோ என்று சொல்கிற ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ கவனிக்க வேண்டும். தினமும் மார்க்கெட் வரை மட்டும் போய் வருகிற காரில் செல்ஃப் எடுத்த கரண்ட்கூடத் திரும்ப ஏறியிருக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

இனி எனக்கு மிகப் பிடித்த சோதனை. மின்சாரம் பற்றி எதுவும் தெரியாதவரும் செய்யலாம். பேட்டரியை சார்ஜரில் போட்டு முழுசாக ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். கழற்றிய நிலையிலும் வோல்ட் நன்றாகக் குறைந்தால் பேட்டரியின் உள்ளே செல் கெட்டிருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். கழற்றி வைத்தால் அப்படியே நிற்கிறது, மாட்டி வைத்தால் இறங்குகிறது என்றால் பேட்டரி மேல் குற்றமில்லை. கரண்டை வண்டிதான் குடிக்கிறது.

எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க, மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகி, நெகட்டிவ் டெர்மினலுக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவே மாட்ட வேண்டும். மாட்டியிருக்கும்போது இக்னிஷன் ஆன் செய்யவோ செல்ஃப் அடிக்கவோ கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். ரிமோட் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் இருந்தால் அதுவே வண்டியை எழுப்பிவிடும்.

மாட்டியதும் மீட்டர் இரண்டு மூன்று ஆம்பியர்கூடக் காட்டலாம். பலர் ஏமாறுவது இங்கேதான். “தம்பி, இப்ப காட்டுறதை நம்பாதீங்க, வண்டி இன்னும் தூங்கலை” என்றார் எங்கள் பகுதி ஆட்டோ எலக்ட்ரீஷியன். ஃபியூஸ் பாக்ஸ் கைக்கு எட்டுவதற்காக டிரைவர் கதவைத் திறந்துவைத்து, அதன் லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி, கதவு சாத்தியிருப்பதாக வண்டியை நம்பவைத்தார். (வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து லாக்கை விடுவித்த பிறகே கதவைச் சாத்த வேண்டும்.) கொஞ்ச நேரத்தில் எண் 2.6-லிருந்து 0.9-க்கு வந்தது. உள்ளே எங்கோ ஒரு ரிலே ‘டக்’ என்றது, 0.45 ஆனது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. நல்ல வண்டியாக இருந்தால் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் 0.03, 0.04 என்று வந்து நின்றிருக்கும்.

அடுத்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கினால் எண் சட்டென்று விழுகிறது என்று பார்ப்பது பழைய முறை. பழைய கார்களுக்கு அது போதும். இன்றைய கார்களில் ஃபியூஸைத் திரும்பச் செருகும்போது அந்தப் பகுதியின் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும், கணக்கு குழம்பும். அதனால் அவர் ஃபியூஸைத் தொடவே இல்லை. பட்டை ஃபியூஸ் ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு உலோகப் புள்ளிகள் தெரியும். தனியாக ஒரு மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து அந்த இரண்டையும் தொட்டுக்கொண்டே போனார். கரண்ட் ஓடாத ஃபியூஸில் சுழியம். ஓடுகிற ஃபியூஸில் மட்டும் சின்னதாக ஒரு எண் எட்டிப் பார்க்கும். அன்று எட்டிப் பார்த்தது உள்விளக்கு ஃபியூஸ். டிக்கி மூடியின் சுவிட்ச் சரியாக அழுந்தாமல் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. டிக்கி, டாஷ்போர்டு அறை விளக்குகள் மேல் சந்தேகம் வந்தால் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடிப் பாருங்கள். அணைகிறதா இல்லையா என்று பதிவாகிவிடும்.

கம்பெனியிலிருந்து வந்த வயரிங்கைவிட, பிறகு மாட்டிய பொருட்களைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் கிடைக்காத கார் அலங்காரம் இல்லை. டச் ஸ்கிரீன், டேஷ் கேமரா, ஜிபிஎஸ் டிராக்கர், ஆம்ப்ளிஃபயர் என்று ஆசைப்பட்டு மாட்டுகிறோம். மியூசிக் சிஸ்டத்தில் பொதுவாக மஞ்சள் வயர் எப்போதும் கரண்ட் வருவதற்கு, சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் வருவதற்கு. அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிட்டால், சாவியை எடுத்த பிறகும் செட் தூங்காது.

எந்த ஃபியூஸிலும் தடயம் கிடைக்கவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். அதன் டயோடு பழுதானால் கரண்ட் பின்பக்கமாக ஒழுகும். என்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏறுவதாகவே காட்டும், அதனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, பிறகு ஆல்டர்னேட்டரின் தடித்த வயரை விடுவித்து டேப் சுற்றி, மறுபடி மீட்டர் மாட்டினால் உண்மை தெரிந்துவிடும். வயரைத் தொடுமுன் நெகட்டிவைக் கழற்ற மறந்தால் ஸ்பேனர் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

ஒழுகலை அடைத்ததும் பேட்டரியைச் சார்ஜரில் முழுசாக ஏற்றுங்கள். பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டால் போதாது. காலியான நிலையிலேயே நாள்கணக்கில் கிடந்தால் ஈயத் தகடுகளில் படிந்த சல்பேட் இறுகிப்போய், புது பேட்டரியும் பழையதாகிவிடும். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போகலாம். சில மியூசிக் சிஸ்டங்கள் திரும்ப மாட்டும்போது ரகசிய எண் கேட்கும். அதை முன்கூட்டியே தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.