வால் அறுந்த படம்

கராச்சி நகரத் தெரு. சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் இருவர் வருகிறார்கள். பின்னால் இருப்பவன் சட்டென்று ஒரு சிறுவனைத் தூக்கிக்கொள்கிறான். வண்டி பறக்கிறது!

2018-ம் ஆண்டு இந்தப் படம் இந்தியா முழுவதும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. "பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள், ஜாக்கிரதை!" என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. தாய்மார்களுக்கு ஈரக்குலை நடுங்கியது.

ஆனால் படம் அதோடு முடியவில்லை. அதே வண்டி திரும்பி வரும். சிறுவனைப் பத்திரமாக இறக்கி விடுவார்கள். பிறகு ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். கராச்சித் தெருவில் ஒரு பிள்ளையைக் கடத்த ஒரு நொடி போதும் என்று அதில் எழுதியிருக்கும். காணாமற்போகும் குழந்தைகளுக்காகப் பாடுபடும் ஒரு சங்கம், பெற்றோரை உஷார்ப்படுத்த எடுத்த பிரசாரப் படம் அது. யாரோ ஒரு புண்ணியவான் கடைசித் துண்டை வெட்டிவிட்டு மீதியை ஊருக்கு அனுப்பிவிட்டார்!

சாக்லெட் கொடுத்த மூதாட்டி

அந்த ஆண்டு மே 9-ந் தேதி. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர். குலதெய்வக் கோவிலுக்குப் போக ஒரு குடும்பம் காரில் வந்தது. அதில் சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவரும் இருந்தார். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். நம் ஊரில் எந்தப் பாட்டி செய்யாத காரியம் இது?

"பிள்ளை பிடிக்கிறவர்கள்" என்று கூச்சல் கிளம்பியது. கூட்டம் திரண்டது. மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தனர். போலீசார் பலரைக் கைது செய்தார்கள்.

அதே மாதம் பெங்களூரில், ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த வாலிபர் ஒருவர் பலியானார். ஜூலை 1-ந் தேதி மராட்டிய மாநிலம் துலே மாவட்டத்தில் 5 பேர். யாசகம் கேட்டு ஊர் ஊராகத் திரியும் நாடோடிகள் அவர்கள்.

இறந்த குழந்தைகள் வரிசையாகக் கிடக்கும் போட்டோ ஒன்றும் அப்போது பரவியது. உடல் உறுப்புகளுக்காகக் கொன்றுவிட்டார்கள் என்று கதை கட்டினார்கள். உண்மையில் அவர்கள் 2013-ல் சிரியாவில் விஷவாயுவுக்குப் பலியான குழந்தைகள்!

எப்படிக் கண்டுபிடிப்பது?

போட்டோ நிஜம், கதைதான் பொய். ஆகவே கதையைத்தான் குடைய வேண்டும். எந்த ஊர்? என்ன தேதி? எந்தப் போலீஸ் நிலையத்தில் புகார்? வெறுமனே "பக்கத்து ஊரில்" என்றிருந்தால் சந்தேகப்படலாம். அந்தச் செய்தி எங்கே போனாலும் அங்கே ஒரு பக்கத்து ஊர் இருக்குமே! படத்தின் ஒரு காட்சியை எடுத்துக் கூகுளின் படத் தேடலில் போட்டால், அது முன்பு எங்கே வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். படம் பாதியில் அறுந்தால், மீதி எங்கே என்று தேட வேண்டும்.

அந்த ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி விழித்துக்கொண்டது. கைமாறி வரும் செய்திகளுக்கு ஓர் அடையாளம் போட்டது. இந்தியாவில் ஒரே தடவையில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க யோசனைகள் சொல்லி முழுப் பக்க விளம்பரமும் கொடுத்தது. எதில் தெரியுமா? பத்திரிகைகளில்!