ஊரே கலங்கும்போது உடம்பைக் கவனியுங்கள்

2021 ஏப்ரல் 20 அன்று டெல்லியில் ஒரே நாளில் 28,395 பேருக்குக் கொரோனா உறுதியானது. முந்தைய இரவுதான் ஊரடங்கு தொடங்கியிருந்தது. லோதி ரோடு மயானத்தில் உறவினர்கள் முறைக்காகக் காத்துக் கிடந்தார்கள். நோய் தொடாத வீடுகளிலும் யாருக்கும் தூக்கமில்லை.

பயம் உடம்பில்தான் ஏறுகிறது

ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கின்றன. நெஞ்சு படபடக்கும், மூச்சு மேலோட்டமாகும். ஆபத்து சீக்கிரம் விலகினால் உடம்பும் தணிந்துவிடும். வாரக்கணக்கில் நீடித்தால் தூக்கம், செரிமானம், ரத்த அழுத்தம் எல்லாமே கெடும். "தைரியமா இரு" என்று சொன்னால் மட்டும் இந்தப் படபடப்பு அடங்காது. நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கிறது. நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் பயிற்சியில் நேரம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

செய்திக்கு நேரம் குறியுங்கள்

2021இன் அந்தக் கொரோனா நாட்களில் வாட்ஸ்அப்பில் ஆக்சிஜன் சிலிண்டர் கிடைக்கும் எண்கள் வந்துகொண்டே இருந்தன. கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். யாராவது எடுத்தாலும், "அது நேத்தே தீர்ந்துபோச்சு சார்" என்பார்கள். அதற்குள் அதே எண் பல குழுக்களைச் சுற்றிவிட்டிருக்கும். தவிப்பில் பகிர்ந்தவர்களைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணையும் தாங்களே கூப்பிட்டுப் பார்த்து, சரிபார்த்த நேரத்தையும் எழுதி அனுப்பிய இளைஞர்கள்தான் உண்மையில் உதவினார்கள். செய்யக் கையில் ஒரு வேலை இருந்தால் கையறுநிலை குறையும்.

பதற்றம் தரும் செய்திகளை நாளுக்கு ஓரிரு முறை, குறித்த நேரத்தில் மட்டும் பாருங்கள் என்று 2020லேயே உலக சுகாதார நிறுவனம் சொன்னது. செய்தியை யாரிடமிருந்து பெறுகிறோம் என்பதும் முக்கியம். 2025 பிப்ரவரி 17 அதிகாலையில் 4.0 அளவில் நிலம் அதிர்ந்து டெல்லி விழித்தது. அந்த அளவைச் சொன்ன தேசிய நிலநடுக்கவியல் மையம் இதே லோதி ரோட்டில், மௌசம் பவன் வளாகத்தில் இருக்கிறது. நில அதிர்வு பற்றி அந்த மையம் சொல்வதைப் பாருங்கள். "இன்னிக்கு ராத்திரி பெரிசா வரும்" என்று யார் அனுப்பினாலும் நம்பாதீர்கள். நாளும் நேரமும் குறித்து நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல இன்றைய அறிவியலால் முடியாது.

தனியாக இருப்பவர்கள்

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, டெல்லியில் தனியே வாழும் தமிழ் முதியவர்கள் பலர். "மாமி, சாப்பிட்டேளா? மாத்திரை இருக்கா?" என்று தினமும் ஒரே நேரத்தில் கேட்கும் குரல் அவர்களுக்குப் பெரிய பலம். கேட்பவருக்கும் அதுவே தெம்பு.

எப்போது உதவி தேடுவது?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் எண் 14416. இரவு பகலாக இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். இப்போதே இந்த எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள்.