கடம்பூர் வானத்தில் மோதும் இரண்டு காற்று

கிழக்குத் திசைக் காற்றும் மேற்குத் திசைக் காற்றும் சந்திக்கும் பகுதியில் இடி மின்னலுடன் மழை பெய்யலாம் என்று வானிலை அறிக்கையில் அடிக்கடி சொல்வார்கள். சித்திரை, வைகாசியில் ஒரு சுற்று, புரட்டாசியில் இன்னொரு சுற்று இது வரும். கேட்பவர்கள் மழை உண்டா, இல்லையா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கடம்பூர், கோவில்பட்டி, எட்டயபுரம் கரிசல்காட்டு மானாவாரி விவசாயிக்கு அந்த வாக்கியத்தின் முதல் பாதிதான் முக்கியம். களத்தில் காயும் வற்றலும், வெட்டவெளியில் மேயும் ஆடும், புரட்டாசியில் மண்ணுக்குள் போடும் விதையும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

பல நூறு கிலோமீட்டர் பரப்புக்கு ஏறத்தாழ ஒரே வெப்பமும் ஒரே ஈரமுமாக நிற்கும் காற்றைக் காற்றுத்திரள் என்பார்கள். எந்த இடத்தின் மேல் நாள்கணக்கில் கிடந்ததோ அந்த இடத்தின் குணம் அதற்கு வந்துவிடும். கடல் மேல் கிடந்தது ஈரத்தோடு வரும், காய்ந்த நிலத்தின் மேல் கிடந்தது வறட்சியோடு வரும். இரண்டும் சந்தித்தால் உடனே கலந்துவிடுவதில்லை. முட்டுகிற கோட்டில் காற்றுக்குப் போக்கிடம் மேலே மட்டும்தான்.

கடம்பூர் இருக்கும் இடமே அப்படி. கிழக்கே மன்னார் வளைகுடா ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மேற்கே மலைத்தொடர் ஐம்பது, அறுபது கிலோமீட்டர். மேற்குக் காற்று கேரளப் பக்கத்திலேயே ஈரத்தை இறக்கிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக வறண்டு வருகிறது. கயத்தாறு பக்கத்தில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். மதியத்துக்குப் பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து கடற்காற்று ஈரத்தோடு உள்ளே வரும்.

சித்திரையில் கரிசல் மண் காலையிலிருந்தே கொதிக்கும். தரையை ஒட்டி ஈரக்காற்று, அதற்கு மேலே சூடான வறண்ட காற்று. இந்த மேல்காற்று உலைமூடி மாதிரி உட்கார்ந்திருப்பதால் மதியம் வரை மேகம் வளராது, புழுக்கம்தான் ஏறும். மூன்று, நான்கு மணிக்கு இரண்டு காற்றும் முட்டும் இடத்தில் மூடி திறந்துகொள்ளும். அடைபட்ட ஈரக்காற்று ஒரே மூச்சில் 12 கிலோமீட்டருக்கும் மேலே ஏறும். நம் ஊர் வானத்தில் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்திலேயே தண்ணீர் உறையும் குளிர் உண்டு. அங்கே பனித்துகள்கள் உரசுவதில் மின்னேற்றம் பிரிகிறது, மின்னல் பிறக்கிறது. சில நாள் ஆலங்கட்டியும் விழும்.

இப்படி எழும் ஒரு மேகத்தின் அகலம் பெரும்பாலும் பத்துக் கிலோமீட்டர் அளவுதான். கயத்தாறில் கொட்டும்போது கடம்பூரில் புழுதி மட்டும் பறப்பதற்குக் காரணம் அதுவே. ஊர் செய்த பாவம் எதுவும் இல்லை.

மழைக்கு முன்னே வந்து தகரக் கூரையைத் தூக்கும் சூறைக்காற்றுக்குக் காரணம் ஈரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வறட்சிதான் காரணம். மேகத்திலிருந்து இறங்கும் மழைத்துளி வறண்ட காற்றுக்குள் விழுந்ததும் பாதியிலேயே ஆவியாகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல அந்தக் காற்று குளிர்கிறது, கனக்கிறது, பாறை விழுவது போலத் தரையில் விழுந்து நாலாபக்கமும் சிதறுகிறது. சோளத்தட்டைப் படப்பைக் கலைப்பதும் வாழையைச் சாய்ப்பதும் இதுதான்.

இதே மோதல் வங்காளத்தில் இன்னும் மூர்க்கமாக நடக்கிறது. சோட்டா நாகபுரி மேட்டின் வறண்ட அனலும் வங்கக்கடல் ஈரமும் சேர்ந்து அங்கே சித்திரை, வைகாசியில் கால்பைசாகிப் புயலை எழுப்பும். 1989 ஏப்ரல் 26-ல் வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் பகுதியில் இப்படி எழுந்த சுழற்காற்றில் ஏறத்தாழ 1,300 பேர் மாண்டார்கள்.

நம் கரிசல்காட்டில் உயிருக்கு முதல் ஆபத்து மின்னல். 2022-ல் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குத் தருகிறது. வெயிலில் நின்றவர் மேல் திடீரென்று குளிர்ந்த காற்று அடித்தால், மேகத்திலிருந்து இறங்கிய காற்று வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். இடி காதில் கேட்டாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒற்றைப் பனை, வேம்பு, திறந்த தகரக் கொட்டகை எதுவும் ஆகாது. கான்கிரீட் கட்டடமோ மூடிய வாகனமோ வேண்டும். ஆட்டுக்காரருக்கு அது கிடைக்காவிட்டால் மரத்தையும் கம்பிவேலியையும் விட்டு விலகி, கால்களைச் சேர்த்துக் குத்தவைத்து உட்கார வேண்டும், படுக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்தே வெளியே வரலாம். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி சுற்றுவட்டார மின்னலைக் கைப்பேசியில் எச்சரிக்கும்.

பருவமழையின் குணம் வேறு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக்கடல் பக்கம் இருந்த காற்றுச் சுழற்சி வங்கக்கடல் ஈரத்தை விடாமல் இழுத்தது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., கோவில்பட்டியில் 50 செ.மீ.க்கும் மேல் பதிவானது. தரையிலிருந்து வெகு உயரம் வரை ஒரே ஈரக்காற்று. வறண்ட காற்று ஊடே வராததால் சூறை அடித்துவிட்டு ஓயவில்லை, மழையாகவே கொட்டித் தீர்த்தது.

இந்த வேறுபாடு தெரியாமல் புரட்டாசியில் விதையை இழப்பவர்கள் நிறைய. அப்போது மேற்குக் காற்று தளரும், கிழக்குக் காற்று எட்டிப் பார்க்கும். சாயங்காலம் இடியோடு ஒரு மழை பெய்ததும் பருவம் பிறந்துவிட்டது என்று விதைத்தால், முளைத்த பயிர் அடுத்த பத்து நாள் வெயிலில் கருகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக வானிலைத் துறை அறிவிக்க, கிழக்குக் காற்று தரையிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் வரை நிலைத்திருக்க வேண்டும். வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி அது நடக்கும்.

இதை ஓரளவுக்கு ஊரிலிருந்தே கணிக்கலாம். காற்றாலையின் முகம் காற்று வரும் பக்கம் திரும்பிக்கொள்ளும். பகலில் கிழக்கே பார்த்தால் அது வெறும் கடற்காற்றாகவும் இருக்கலாம். விடியற்காலையிலும் தொடர்ந்து சில நாள் வடகிழக்கைப் பார்த்து நின்றால் காற்று மாறிவிட்டது. இடிமழைக்கு மறுநாள் காலையில் மறுபடி மேற்கைப் பார்த்தால் விதைப்பெட்டியை எடுக்க வேண்டாம்.

பருவத்துக்கு முன்பே விதைக்கிறவர்கள் கடினப்படுத்திய விதையை 5 செ.மீ. ஆழத்தில் போடுவது இதற்காகத்தான். சோளத்தை 2 சதவீதப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் ஊறவைத்து நிழலில் உலர்த்துவார்கள். அந்த ஆழத்தில் 20 மி.மீ.க்குக் குறைந்த இடிமழை விதையை எழுப்பாது. மழையை அளக்க, வாயும் அடியும் ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றை மரமில்லாத இடத்தில் வைத்தால் போதும். மறுநாள் காலையில் தண்ணீர் இரண்டு செ.மீ. நிற்கிறதா என்று அடிக்கோலால் பார்க்கலாம்.