லைக்கா எம்3-ஐ கொடுத்துவிட்டு எம்6 வாங்கணுமா?

1954-இல் வந்த ஜெர்மன் ஃபிலிம் கேமரா லைக்கா எம்3-இல் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் கிடையாது. ஷட்டர் வேகம், அபர்ச்சர் இரண்டையும் நீங்களேதான் கணித்து வைக்கணும். 1984-இல் வந்த எம்6-இல் வியூஃபைண்டருக்குள்ளேயே இரண்டு சிவப்பு அம்புகள் வழிகாட்டும். இரண்டும் சேர்ந்து எரிந்தால் அளவு சரி. இரண்டுக்கும் ஒரே எம் மவுண்ட் என்பதால் லென்ஸை மாற்ற வேண்டாம். பேட்டரி தீர்ந்தால் மீட்டர்தான் அணையும், ஷட்டர் வழக்கம்போல் ஓடும்.

அப்புறம் என்ன யோசனை? எம்3-இன் வியூஃபைண்டர்தான். 0.91 மடங்கு என்பதால் காட்சி கிட்டத்தட்ட வெறும் கண்ணால் பார்ப்பதுபோலவே தெரியும். வழக்கமான எம்6-இல் 0.72தான். 50 எம்எம் லென்ஸே போதும் என்பவர்களுக்கு இது நிஜமான இழப்பு. 35 எம்எம் பிரியர்களுக்கோ கதை தலைகீழ்: சாதாரண எம்3-இல் அதற்கான ஃபிரேம் கோடே இல்லை.

போனில் லைட் மீட்டர் ஆப் இலவசமாகவே கிடைக்கிறது. சுள்ளென்ற வெயிலில் அதுவும் வேண்டாம். 400 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு எஃப்16, 1/500 வைத்தால் சரியாக வரும். கலர் நெகட்டிவ் ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடினாலும் தாங்கும். ஸ்லைடு ஃபிலிம் அவ்வளவு பொறுக்காது. வெயிலுக்கும் நிழலுக்குமாக ஓடும் குழந்தையைப் படமெடுக்கும்போது போனைப் பார்க்கவும் நேரமிருக்காது. உங்கள் படங்களில் பாதி இந்த ரகம் என்றால் எம்6-க்குப் பணம் போடலாம். இல்லையென்றால், விற்பதற்கு முன் போன் மீட்டரை வைத்து ரெண்டு ரோல் எடுத்துப் பாருங்கள். பழைய எம்6 வாங்குவதாக முடிவெடுத்தால், பேட்டரி போட்டு அம்புகள் எரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.