திண்ணையில் நிற்கும் சைக்கிள் யாருக்கு?



போன மாதக் கூட்டத்துக்கு நம்ம உறுப்பினர்களில் பலர் தாமதமாகத்தான் வந்தாங்க. காரணம் கேட்டோம். "பஸ்ஸுல டிக்கெட் இல்லைதான். ஆனா பஸ் நிக்கிற இடத்துக்கு மூணு கிலோமீட்டர் நடக்கணுமே!" என்றார்கள். நியாயமான பதில்தான். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. டவுனுக்கு வேலைக்கும் பேங்குக்கும் போகிற செலவு குறைந்தது. ஆனால் வீட்டுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே உள்ள தூரம் குறையவில்லையே!

இன்னொன்றையும் கவனித்தோம். பதினோராம் வகுப்பில் பிள்ளைக்கு அரசு கொடுத்த சைக்கிள் பல வீடுகளில் சும்மா நிற்கிறது. பிள்ளை படிப்பு முடிந்து போய்விட்டது. சைக்கிளில் துணி காய்கிறது. அம்மா மட்டும் வெயிலில் நடக்கிறாள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மூன்று கிலோமீட்டர் நடக்க முக்கால் மணி நேரம் ஆகும். சைக்கிளில் மெதுவாகப் போனாலும் கால் மணி நேரம்தான். போக வர ஒரு மணி நேரம் மிச்சம். மாதம் 25 நாள் போனால் 25 மணி நேரம்! குழுவில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கணக்குக் கேட்கிறோம். இந்த 25 மணி நேரத்தை யாரிடம் கேட்பது? சைக்கிளுக்குப் பெட்ரோல் வேண்டாம், புகையும் இல்லை. யாராவது வண்டியில் கொண்டுபோய் விடட்டும் என்று வாசலில் காத்து நிற்கவும் வேண்டாம்.

"இந்த வயசுல சைக்கிளா? ஊர் சிரிக்காதா?" என்று கேட்பீர்கள். புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களையும் இப்படித்தான் கேலி பேசினார்கள். அங்கே 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துப் படிப்போடு சைக்கிள் பழகுவதையும் சேர்த்துக்கொண்டார்கள். கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள், வயல் வேலைக்குப் போனவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் கொடி கட்டி, மணியடித்து ஊர்வலம் போனார்கள். ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளையே பல பேர் விரும்பினார்களாம். ஏன் தெரியுமா? முன்னால் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! தண்ணீர்க்குடம், விறகு, காய்கறி எல்லாம் சைக்கிளில் ஏறின. கேலி பேச்சு தானாக அடங்கியது.

நாமும் பழகலாம். இதோ வழி:

1. இரண்டு பாதமும் தரையில் படும்படி சீட்டை இறக்கி வையுங்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயம் பாதி போய்விடும்.

2. முதல் இரண்டு நாள் பெடலை மிதிக்க வேண்டாம். காலால் தரையை உந்தி, உருண்டு போய்ப் பழகுங்கள். உடம்புக்கு நிதானம் வந்தபின் மிதிக்கலாம்.

3. பின்னால் பிடிப்பவர் கேரியரைப் பிடிக்கட்டும், ஹேண்டில்பாரை வேண்டாம். ஓட்டுபவர் சக்கரத்தைப் பார்க்காமல் தூரத்தைப் பார்க்க வேண்டும்.

4. முந்தானையை இழுத்துச் செருகுங்கள். செயினுக்கு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். சுடிதார் வசதி என்றால் துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள்.

5. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் குப்புறத் தள்ளும்.

6. கிளம்பும் முன் காற்று, பிரேக் பாருங்கள். செயினுக்கு அப்பப்போ எண்ணெய் விடுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறோம். லாரி ஓடும் பெரிய ரோட்டில் சைக்கிளை விட வேண்டாம். நம்ம ஊர் ரோட்டில் பஸ் நிறுத்தம் வரைக்கும் சைக்கிள், அதற்கு மேல் பஸ். நிறுத்தத்தில் தெரிந்த கடையோரமாகப் பூட்டி வைத்துவிட்டுப் போகலாம். இருட்டி வருகிறவர்கள் பின்னால் சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்டுங்கள், டார்ச்சும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுங்கள். யார் வீட்டில் சைக்கிள் சும்மா நிற்கிறது, யாருக்கு ஓட்டத் தெரியும், யார் பழக விரும்புகிறார்கள் என்று எழுதுங்கள். ஓட்டத் தெரிந்தவர் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுக்கட்டும். பள்ளிக்கூட மைதானம் சாயங்காலம் காலியாகத்தானே கிடக்கிறது? கேட்டு வாங்கிக்கொள்ளலாம். டயர், டியூப் மாற்றப் பணம் இல்லாதவருக்கு உள்கடன் கொடுக்கலாம். தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போடுங்கள்.

முதல் நாள் கையெழுத்துப் போடும்போது நம்ம கை நடுங்கவில்லையா? இன்று பேங்கில் நிமிர்ந்து நின்று போடுகிறோம். சைக்கிளும் அப்படித்தான். துணியை எடுத்துக் கொடியில் போடுங்கள், சைக்கிளை வெளியே எடுங்கள் சகோதரிகளே!